நாலு பேர் என்ன சொல்வார்கள்?

1992ஆம் ஆண்டு மார்ச் 8. புதுக்கோட்டை நகரத்துக்குள் அன்று சைக்கிள் மணிச் சத்தம் ஓயவே இல்லை. கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமான பெண்கள் ஊரை வலம் வந்தார்கள். உலக மகளிர் நாளுக்காக நடந்த ஊர்வலம்தான். ஆனால் வழக்கமாக நடக்கும் ஊர்வலம் அல்ல. அதற்கு ஓராண்டு முன்புவரை, அந்த மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் சைக்கிளில் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்காது.

சைக்கிள் அந்த ஊர்க்காரர்களுக்குப் புதிய பொருளல்ல. ஆண்கள் தலைமுறை தலைமுறையாக மிதித்தது. வாடகைக் கடைகளில் மணிக்கணக்கில் கிடைத்தது. பெண் ஏறக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. எந்தப் பஞ்சாயத்தும் கூடித் தீர்மானம் போடவில்லை. மாவட்டத்தில் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. குடுமியான்மலையில் இசைக்கே ஒரு கல்வெட்டு உண்டு. சைக்கிளைப் பற்றி எந்தக் கல்லிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விதிக்குத்தான் பிடி அதிகம். ஏன் ஓட்டக் கூடாது என்று கேட்டால் காரணம் வராது, ஒரு கேள்விதான் வரும்: “நாலு பேர் என்ன சொல்வாங்க?”

புதுக்கோட்டை, மழையையும் கண்மாயையும் நம்பிய வறண்ட மாவட்டம். திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1974இல் உருவாக்கப்பட்டது. பஸ் எப்போதாவது வரும். ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு ஓரிரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பஸ் நிற்கும் இடத்துக்கே பல ஊர்களிலிருந்து நடந்துதான் வர வேண்டும். அவசரம் என்றால் கணவரோ அண்ணனோ தம்பியோ சைக்கிளை எடுத்தால்தான் உண்டு. அவர்கள் வீட்டில் இருக்க வேண்டும், மனதும் வைக்க வேண்டும். பெண்ணுக்குக் கேரியரில் இடம் உண்டு, சீட்டில் கிடையாது.

இதே ஊர் இன்னொரு பெண்ணையும் பார்த்திருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. ஆண் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் ஒரு பெண்ணா என்றார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். முத்துலட்சுமி திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கினார், 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குள் நுழைந்தார், தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். புதுக்கோட்டை அவரைக் கொண்டாடத் தவறவில்லை. ஆனால் அவர் கல்லூரிக்குப் போய் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த மாவட்டத்துப் பெண்களால் பக்கத்து ஊருக்குத் தனியாகப் போய்வர முடியவில்லை. ஒருவர் மட்டும் தடையைத் தாண்டினால் ஊர் அவரை விதிவிலக்கு என்று வணங்கி ஒதுக்கி வைத்துவிடும். “அவங்க வேற” என்று சொல்லிவிட்டால் போதும், தன் வீட்டுப் பெண்ணைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

1991இல் நடந்தது வேறு. படித்தவர்கள் ஊதியமில்லாமல் மாலை நேரங்களில் கிராமங்களுக்குப் போய்ப் பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் அறிவொளி இயக்கம் அந்த ஆண்டு புதுக்கோட்டையில் சூடு பிடித்தது. 1988இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் பகுதி அது. கேரளத்தின் எர்ணாகுளம் 1990இலேயே முழு எழுத்தறிவு மாவட்டமாகியிருந்தது. அங்கே பழகிய முறை, அதாவது தெரு நாடகம், பாட்டு, வீடு வீடாகப் போவது, இங்கேயும் வந்தது. 1991 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு நாற்பது பேர்கூட இல்லை. எனவே அறிவொளி வகுப்புகளுக்கு வந்தவர்களில் பெரும்பகுதி பெண்களே. சொல்லிக்கொடுக்க வந்தவர்களிலும் பெண்கள் நிறைய.

அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஒரு பெண்ணுக்கு எழுத்து வந்துவிட்டால் போதுமா, அவள் நினைத்த நேரத்தில் நினைத்த இடத்துக்குப் போக முடியாவிட்டால் அந்த எழுத்தை வைத்து என்ன செய்வாள் என்பது அவர் எழுப்பிய கேள்வி. நகர முடியாமல் இருப்பதே பெண்களின் தன்னம்பிக்கையை அரித்துக்கொண்டிருக்கிறது என்று அவர் கருதினார். அதனால் அ, ஆ கற்பிக்கும் திட்டத்துக்குள் சைக்கிளும் வந்து சேர்ந்தது. அரசாங்கக் கோப்பில் இப்படியொரு இணைப்பு எழுதப்பட்டது இன்று நினைத்தாலும் ஆச்சரியம்தான். பொதுவாக எழுத்தறிவு ஒரு துறை, போக்குவரத்து இன்னொரு துறை, இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்காது.

முதலில் பழகியவர்கள் அறிவொளித் தொண்டர்கள். தங்கள் வேலைக்கே அது தேவைப்பட்டது. பொழுது சாய்ந்த பிறகு நடக்கும் வகுப்புக்குப் போய் இருட்டில் வீடு திரும்ப வேண்டும். அவர்களைப் பார்த்து வகுப்புக்கு வந்த பெண்கள் தங்களுக்கும் கற்றுக்கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு யாரும் யாரையும் வற்புறுத்தத் தேவைப்படவில்லை. கிழக்குறிச்சியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பயிற்சி முகாமுக்குப் பெண்கள் இருப்பதிலேயே நல்ல உடையை உடுத்திக்கொண்டு திருவிழாவுக்கு வருவதுபோல் வந்திருந்தார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். முத்து பாஸ்கரன் என்ற அறிவொளித் தொண்டர் சைக்கிள் பழகச் சொல்லி எழுதிய பாட்டு மாவட்டம் முழுவதும் ஒலித்தது. கிட்டத்தட்ட இயக்கத்தின் தேசிய கீதமே ஆயிற்று.

புடவை கட்டிக்கொண்டு சைக்கிள் பழகுவது லேசான காரியமில்லை. கொசுவம் செயினில் மாட்டும். தலைப்பு சக்கரத்தில் சுற்றும். லேடீஸ் சைக்கிளுக்கோ பெரும் தட்டுப்பாடு. கேட்டவர்களின் எண்ணிக்கைக்குக் கடைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. மாவட்டத்தில் ஒரு விற்பனையாளரிடம் ஒரே ஆண்டில் லேடீஸ் சைக்கிள் விற்பனை மூன்றரை மடங்குக்கு மேல் உயர்ந்தது. கிடைக்காதவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். இதில் ஒரு வேடிக்கை: பலர் அதைத்தான் விரும்பவும் செய்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! சைக்கிள் கம்பெனிகள் பெண்ணுக்கு எது வசதி என்று தாங்களே தீர்மானித்து ஒரு வடிவம் செய்திருந்தன. இடுப்பில் பிள்ளையோடு வேலைக்குப் போகிறவள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

வங்கிகள் பெண்களுக்குச் சைக்கிள் கடன் கொடுக்க ஆட்சியர் நெருக்கினார். ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் இன்னின்ன பொறுப்பு என்று பிரித்துக் கொடுத்தார். சொந்தமாக வாங்க முடியாத கூலிப் பெண்கள் வாடகைக்கு எடுத்தார்கள். எத்தனை பேர் பழகினார்கள்? ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பது சாய்நாத்தின் கணக்கு. பத்து வயதுக்குக் குறைந்த சிறுமிகளைக் கழித்துவிட்டால் மாவட்டத்துக் கிராமப் பெண்களில் நான்கில் ஒருவர். அவர்களில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பொது இடங்களில் நடந்த சைக்கிள் போட்டிகளிலும் விளக்கக் காட்சிகளிலும் கலந்துகொண்டார்கள். வயல் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், பால்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர்கள், ரத்தினக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவர்கள், ஆசிரியைகள் எல்லோரும் அதில் உண்டு.

இந்த எழுபதாயிரம் என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழகுவதை மறைவாக வைத்துக்கொள்ளாமல் மைதானத்தில், கூட்டத்துக்கு நடுவில் செய்ய வைத்ததுதான் இந்த இயக்கத்தின் கெட்டிக்காரத்தனம். ஆரம்பத்தில் கேலி இருந்தது. கொச்சையான வார்த்தைகளும் காதில் விழுந்தன. அவை ஒரே ஒரு பெண்ணைக் குறிவைத்திருந்தால் மறுநாள் அவள் வீட்டைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டாள். தெருவுக்கு இருபது பேர் மிதிக்கும்போது யாரைக் கேலி செய்வது? அந்த இருபதில் கேலி செய்கிறவனின் அக்காவும் இருப்பாள், அத்தை மகளும் இருப்பாள்.

மனம் மாறினால் சமூகம் மாறும் என்று மேடையில் பேசுகிறவர்கள், மனம் எப்படி மாறுகிறது என்ற இடத்தைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒருவர் தனியாக உட்கார்ந்து யோசித்து ஒரு நல்ல நாளில் திருந்திவிடுகிறார் என்பது கதைக்கு வசதி. புதுக்கோட்டையில் கால்தான் முன்னால் போனது. பயத்தோடுதான் ஏறினார்கள், விழுந்தார்கள், மறுபடி ஏறினார்கள். ஏறிய பிறகுதான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தது. வீட்டு ஆண்களுக்கும் அப்படியே. மனைவி சைக்கிளில் போனால் மானம் போய்விடும் என்று நினைத்தவர்கள், அப்படி எதுவும் போகவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தார்கள்.

இதே விஷயத்தைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு நாட்டில் பொருளாதார ஆய்வாளர்கள் அளந்தே பார்த்தார்கள். சவூதி அரேபியாவின் ரியாத் நகரில் திருமணமான இளம் ஆண்கள் சுமார் ஐந்நூறு பேரிடம், பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போவதை ஏற்கிறீர்களா என்று ரகசியமாகக் கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆம் என்றார்கள். இந்த அறையில் உள்ள மற்றவர்களில் எத்தனை பேர் ஏற்பார்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் உண்மையைவிடக் குறைவாகச் சொன்னார்கள். ‘எனக்கு ஆட்சேபமில்லை, ஊர்தான் ஒத்துக்காது’ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் உண்மை எண்ணிக்கை சொல்லப்பட்டது. மனைவிக்கு வேலை தேடித்தரும் சேவையில் பதிவு செய்தவர்கள் அவர்களிடையே அதிகமாக இருந்தார்கள். சில மாதங்கள் கழித்து விசாரித்தபோது, அவர்களுடைய மனைவியரில் வேலைக்கு விண்ணப்பித்தவர்களும் நேர்காணலுக்குப் போனவர்களும் கூடுதலாக இருந்தார்கள். ஆய்வு 2020இல் வெளியானது. ஊரார் பேச்சுக்குப் பயந்த அந்த ஆண்கள்தான் ஊரார். நம்மூர் ‘நாலு பேர்’ விவகாரத்துக்கு இதைவிடத் துல்லியமான படப்பிடிப்பு கிடைப்பது கடினம்.

புதுக்கோட்டையில் எண்ணிக்கையை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அது தெருவில் ஓடிக்கொண்டிருந்தது.

பலனைச் சுதந்திரம், தன்னம்பிக்கை என்ற பெரிய சொற்களில் சொல்வது வழக்கம். சைக்கிள் ஓட்டிய பெண்களும் அதைத்தான் முதலில் சொன்னார்கள், வருமானத்தைவிட அதையே பெரிதாகச் சொன்னார்கள். ஆனால் நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். தண்ணீர்க் குடங்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வர முடிந்தது. விளைபொருளைத் தலையில் சுமந்து ஒரே ஊரில் விற்றவர்கள் இரண்டு மூன்று ஊர்களுக்குப் போய் விற்க முடிந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து கழிந்த பொழுது மிச்சமானது. கணவருக்கும் அண்ணனுக்கும் காத்திருந்து கழிந்த பொழுதும்தான். பிள்ளைகளைப் பார்க்க, சமைக்க என்று சாயங்காலம் அவசரமாக ஓடிவர வேண்டிய பெண்ணுக்குச் சந்தையில் கூடுதலாக ஒரு மணி நேரம் என்றால் அது காசு.

உலகத்தில் இது முதல்முறை நடந்ததும் அல்ல. 1890களில் அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத் தலைவி பிரான்சஸ் வில்லார்ட் தன் ஐம்பத்து மூன்றாவது வயதில் சைக்கிள் பழகி, அந்த அனுபவத்தை 1895இல் புத்தகமாகவே எழுதினார். அங்கேயும் கேலி பறந்தது, உடை பற்றிய சண்டை நடந்தது. ஆனால் அந்த அலை பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பெண்களிடம்தான் முதலில் எழுந்தது. புதுக்கோட்டையில் முன்னால் நின்றவர்களில் கல் உடைக்கிற பெண்கள் இருந்தார்கள். அதுதான் வித்தியாசம்.

அந்தக் கல் உடைக்கிற பெண்களின் கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. அதே காலத்தில், குவாரிகளில் ஒப்பந்ததாரர்களுக்கு அடிமைபோல் உழைத்துக்கொண்டிருந்த ஏழைப் பெண்களைக் குழுக்களாக்கி, நூற்றுக்கும் மேற்பட்ட குவாரிகளின் குத்தகையை மாவட்ட நிர்வாகம் அவர்களுக்கே கொடுத்தது. கல்லுக்கு விலை பேசுவது, கணக்கு எழுதுவது, லாரி பிடிப்பது எல்லாம் அவர்கள் கைக்கு வந்தது. எழுத்தும் சைக்கிளும் அங்கேதான் நேரடியாக உதவின. ஆனால் ஆட்சியர்கள் மாறுவார்கள், ஒப்பந்ததாரர்கள் அங்கேயே இருப்பார்கள். பின்னால் வந்த ஆண்டுகளில் பல குவாரிகளைப் பெண்கள் குழுக்களால் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. மனமாற்றத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை. சைக்கிள் ஓட்டக் கற்றவளிடமிருந்து அந்தத் திறமையை யாரும் பறிக்க முடியாது. குத்தகையை ஒரு கையெழுத்தில் பறிக்கலாம். சைக்கிள் ஓட்டும் பெண்ணால் எந்த முதலாளிக்கும் நஷ்டமில்லை. குவாரி நடத்தும் பெண்ணால் நஷ்டம் உண்டு. ஊர் எதை எவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறது என்பதை இந்த லாப நஷ்டக் கணக்கும்தான் தீர்மானிக்கிறது.

பணமும் குறுக்கே நின்றது. 1995 ஏப்ரலில் சாய்நாத் மறுபடி புதுக்கோட்டைக்குப் போனபோது ஆர்வம் குறையவில்லை, ஆனால் ஒரு சைக்கிளின் விலை சுமார் 1,400 ரூபாய் ஆகியிருந்தது. ஓட்டத் தெரிந்தும் வாங்க வழியில்லாதவர்கள் ஏராளம். அவருடைய கட்டுரை பின்னர் ஹிந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இடம்பெற்றது. பல ஆண்டுகள் வட இந்தியப் பிள்ளைகள் புதுக்கோட்டைப் பெண்களைப் பற்றிப் பாடம் படித்துப் பரீட்சை எழுதினார்கள். நம்மூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தக் கதை தெரியும் என்று கேட்டால் சங்கடம்தான்.

விலைப் பிரச்சினைக்கு அரசு பின்னால் ஒரு வழி செய்தது. 2001-02இல் மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. 2005-06 முதல் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. 2006இல் பீகார், ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. பெண் சைக்கிள் ஓட்டுவது அப்போது அங்கேயும் கண்ணில் படாத காட்சி. கார்த்திக் முரளிதரன், நிஷீத் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தத் திட்டத்தை ஆராய்ந்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் விகிதம் 32 சதவீதம் உயர்ந்திருந்தது. ஆண், பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்திருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஊர்களில்தான் பலன் அதிகம். ஒரே நேரத்தில் ஊரிலுள்ள எல்லா மாணவிகளுக்கும் சைக்கிள் கிடைத்ததால் அவர்கள் கூட்டமாகப் போனார்கள். அது பாதுகாப்பையும் கொடுத்து, பெண் வெளியே போவதைப் பற்றிய பார்வையையும் மாற்றியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. புதுக்கோட்டையில் மைதானங்களில் நடந்ததும் அதுதான்.

இன்று புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடி சாலைகளில் பள்ளி விடும் நேரத்தில் சைக்கிளில் போகும் பெண் பிள்ளைகளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இப்போதைய கேலியும் கேள்வியும் பிளஸ் டூ முடிந்த பிறகு தொடங்குகின்றன. பள்ளிக்கூடம் கொடுத்த சைக்கிள் தம்பிக்கோ அப்பாவுக்கோ போய்விடுவது பல வீடுகளில் சகஜம். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் சீர்வரிசையில் பீரோ ஏறும், கட்டில் ஏறும், சைக்கிள் ஏறாது. புகுந்த வீட்டில் ஸ்கூட்டர் ஓட்டலாமா என்பது மாமியார், மாமனார், கணவர் என்று மூன்று பேரிடம் போய்வர வேண்டிய கோப்பு. 2018இல் தமிழ்நாடு அரசு வேலைக்குப் போகும் பெண்களுக்கு இருசக்கர வாகனம் வாங்க, விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் அறிவித்தபோது, ஓட்டுநர் உரிமம் அந்தப் பெண்ணின் பெயரிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. மானியத்தில் வாங்கிய வண்டியைக் கடைசியில் யார் ஓட்டுவார் என்று திட்டம் போட்டவர்களுக்கு ஊர் வழக்கம் தெரிந்திருந்தது.